உப்பு சொல்லும் ஈரம்

இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்
ஒரு பலகை, இரட்டை ரிலே,
நாலு நிறத்தில் ஒயர்.
வடசேரிக் கடையில் நானூற்று எண்பது.
வால்வுக்குக் காசில்லை:
செத்துப்போன வாஷிங் மெஷினின்
வயிற்றைக் கீறி எடுத்தது.

குறும்பனையில், எங்கள் மொட்டைமாடியில்,
பதினாலு பைகளில் மண்.
வெண்டை, தடியங்காய், பெயர் மறந்த ஒரு கீரை,
விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்
ஷோபின் ஊன்றிப் போன காந்தாரி மிளகாய்.

பஹ்ரைன் கடலில் படகில் நின்றுகொண்டு
அவன் கேட்டது ஒன்றே ஒன்று:
"இங்க இருந்து நான் வெள்ளம் தொறக்கணும்."
இ-சேவை மையத்தில் பகல் முழுக்க
அடுத்தவர் சாதியையும் வருமானத்தையும்
தட்டிக்கொண்டிருக்கும் விரல்கள்
ராத்திரி நிரல் எழுதின.

முதல் நாள் ரிலே தலைகீழ்.
மூடு என்றால் திறந்தது.
திற என்றால் மூடியது.
அந்த வகை ரிலே அப்படித்தானாம்,
எனக்குத்தான் தெரியாது.
மூடிவிட்டுத் தூங்கினேன்.

விடியுமுன் கீழ்வீட்டு ஜெனோவா:
"ஏ பிள்ளே, டேங்குல ஒரு பொட்டு வெள்ளமில்ல,
ஒனக்க செடி என்ன கப்பலா ஓட்டுது?"
படிக்கட்டில் செம்மண் குழம்பு.
அவளுக்கு நான்கு குடம் சுமந்தேன்.
ஐந்தாவதை அவளே வேண்டாம் என்றாள்.

பிறகு எண்கள்.
மண் காய்ந்தால் ஏறும், நனைந்தால் இறங்கும்.
ஆயிரம் என்றால் தாகம்,
நானூறுக்குக் கீழே நிறைவு.
அவன் கைபேசியிலும் அதே எண்.
ஒரே மண்ணை இருவரும்
இரண்டு கரையிலிருந்து பார்த்தோம்.

பங்குனி வெயிலில் வெண்டை துவண்டது.
எண் மட்டும் முந்நூற்று இருபதில்
கல்லாக நின்றது:
நனைந்திருக்கிறேன், நனைந்திருக்கிறேன்.
இரண்டு நாள் இலையை விட்டுவிட்டு
எண்ணை நம்பினேன்.
மூன்றாம் நாள் விரலை விட்டால்
நகக்கண் வரை பொடி.
நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்கள் போர் தண்ணீருக்குள்
கடல் எப்போதோ வந்துவிட்டது.
உப்பிருந்தால் மின்சாரம் லேசாகக் கடந்துவிடும்.
கடந்துவிட்டால், கருவிக்கு அது ஈரம்.
பிடுங்கிப் பார்த்தேன்:
இரண்டு பல்லும் பாசி நிறத்தில் அரித்திருந்தன.

அந்தப் பதிலை எனக்கு முன்பே தெரியும்.
சனிக்கிழமைகளில் வரும்.
"சாப்பிட்டாச்சு. சுகந்தான். பாடு கொறவுதான், ஆனா சுகந்தான்."
திரையில் அவன் புருவத்தில்
வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.
அந்த மண்ணுக்குள் விரல் விட
இங்கிருந்து நீளவில்லை கை.

கருவியைக் கழற்றி வைத்தேன்.
நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
ஒரு நாளைக்கு மூன்று நிமிடம்,
அதற்குமேல் யார் சொன்னாலும் திறக்காதே.

உப்புக்காற்றுக்குப் பயந்து டப்பாவைக்
கட்டிலோரம் வைத்திருக்கிறேன்.
இங்கே இரண்டு மணி, அங்கே பதினொன்றரை.
அவன் படகுக்கு சிக்னல் கிடைக்கும்போது
டப்பாவுக்குள் டிக் என்று கேட்கும்.
மேலே குழாய் இருமும்.
நான் புரண்டு படுப்பேன்.

நேற்றுப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஒரே இரவில் பதினொரு அழுத்தல்.
திறந்தது முதல் ஒன்றுக்கு மட்டும்.
மீதிப் பத்தையும் என் வரி தின்றிருக்கிறது,
சத்தமில்லாமல்.

இரண்டாவது ரிலே சும்மா கிடந்தது,
எந்த ஒயரும் போகாமல்.
வரம்பு தாண்டிய அழுத்தல்களை
அதற்குத் திருப்பிவிட்டேன்.
தண்ணீர் வராது.
டிக் மட்டும்.

அவனிடம் சொல்லவில்லை.
வெண்டையில் மூன்று காய்,
ஒன்று முற்றிவிட்டது.