ஒன்று உதைக்கிறது

இழுவைப் படகுக் குழு இனி இல்லை.
ஆட்கள் இருக்கிறார்கள், படகுகள் ஐந்தும் இருக்கின்றன,
பெயர்தான் போயிற்று.
அவர்களுடைய அரட்டைச் சேனலைக் கொண்டுபோய்
துறைமுக இயக்கக் குழுவின் கீழே வை,
திங்கள் காலை ஏழு மணிக்குள்,
ஓர் எழுத்துகூடச் சேதாரமாகக் கூடாது என்று
யொரூனே எழுதியிருந்தாள்.
செய்கூலி பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி. சனிக்கிழமை.
கிளைபேடா துறைமுக அலுவலகத்தில்
நானும் ஒரு ஹீட்டரும்.
ஜன்னலுக்கு வெளியே பாதி உறைந்த காயல்.
எதிர்க்கரை மணல்திட்டுக்குப் போகும் படகு
பனிக்கட்டியில் ஒரு கோடு கிழித்துக்கொண்டே போகிறது.
கோடு அதன் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொள்கிறது.

முதலில் ஆட்கள்.
புதுக் குழுவில் பெயர் இல்லாதவரை
செயலி கேட்காமலே வெளியே தள்ளிவிடும்.
பதினேழு பேரில் பதினாறு பேருக்குப் பெயர் இருந்தது.
ஸெனோனஸுக்கு இல்லை.
ஒப்பந்தத்தில் முக்குளிப்பவர்.
படகின் சுழலியில் கயிறு சிக்கினால் மட்டும் கூப்பிடுவார்கள்.
ஐந்து வருடத்தில் ஒன்பது செய்திகள் போட்டிருக்கிறார்,
அதில் ஏழு, 'ம்'.
அனுமதிப் படிவத்தில் காரணம் கேட்டது.
'தண்ணீருக்கு அடியில் யார் இருக்கிறார் என்று
மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்'
என்று எழுதினேன்.
ஒப்புதல் வந்துவிட்டது.

பிறகு மற்றதெல்லாம்:
அறுந்த கயிறுகளின் படங்கள்,
காற்றின் வேகம், காற்றின் வேகம், காற்றின் வேகம்,
மேல்தளத்தில் தூங்கும் யாருடையதோ நாய்,
யார் என் கையுறையை எடுத்தது என்ற கேள்வி,
அதற்குக் கீழே முப்பத்தோரு மறுப்புகள்.
எல்லாம் போய்ச் சேர்ந்தன. நீலப் பட்டை நிரம்பியது.
முடிந்தது என்று செயலியே சொன்னது.

நான் எண்ணிப் பார்த்தேன்.
பழைய இடத்தில் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு.
புதிய இடத்தில் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு.

ஒன்று உதைக்கிறது.

ஒன்றுதானே என்றாள் யொரூனே தொலைபேசியில்.
பின்னணியில் குக்கரோ எதுவோ சீறியது.
ஒன்றுதான்.

வருடத்தைப் பாதியாக வெட்டினேன், இந்தப் பாதி சரி.
மாதத்தை வெட்டினேன். வாரத்தை.
ஹீட்டர் ஒருமுறை தானே அணைந்து
தானே எரிந்தது.
இரவு பதினொன்றரைக்கு,
அக்டோபரின் கடைசி ஞாயிறில் வந்து நின்றேன்.
அங்கே ஒரு 'ம்'
எதற்குப் பதில் என்று தெரியாமல்
அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

பழைய பக்கத்தைத் திறந்தேன்.
அல்வீதஸ், மூன்று இருபது: சேர்ந்தாச்சு.
அல்வீதஸ், மூன்று இருபது: சேர்ந்தாச்சு.

கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளிய ராத்திரி.
அந்த நாளுக்கு மூன்று இருபது இரண்டு.
ஒரே ஆள், ஒரே நிமிடம், ஒரே சொல்;
இரட்டையில் ஒன்றை எதிரொலி என்று நினைத்து
செயலி குப்பையில் போட்டிருக்கிறது.

ஞாயிறு மதியம் அல்வீதஸைக் கூப்பிட்டேன்.
மகளின் கூடைப்பந்து ஆட்டத்தில் இருந்தார்,
விசில்களுக்கு நடுவே கத்தினார்:
முதல் சேர்ந்தாச்சு, கோதுமைக் கப்பல். துறையில் கட்டியாச்சு.
இரண்டாவது என் பெண்டாட்டிக்கு.
ஊரில் இருந்தாள். நான் வீடு வந்து சேர்ந்ததைச் சொன்னேன்.
கை தவறி அங்கே விழுந்துவிட்டது.
அழித்துவிடு, அது வேலைச் சமாச்சாரமே இல்லை.

அழிக்க முடியாது என்றேன்.
அதற்குத்தான் ஸெனோனஸ் 'ம்' போட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் விசில் மட்டும் கேட்டது.
அந்த நேரத்துக்கு அவன் ஏன் முழித்திருந்தான்
என்று கேட்டார்.
அது என்னிடம் இருக்கும் தரவில் இல்லை.

கையாலேயே தட்டி உள்ளே வைத்தேன்.
கோடைக் கணக்கில் ஒன்று, குளிர்க் கணக்கில் ஒன்று.
அந்தரத்தில் நின்ற 'ம்'
தன் வரிக்குக் கீழே போய் உட்கார்ந்தது.
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு.
ஹீட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கள், ஏழு மணி இரண்டு நிமிடம்.
அல்வீதஸ்: இங்கே ஏன் எல்லாம் பச்சையாக இருக்கிறது?
ஏழு மணி மூன்று நிமிடம்.
ஸெனோனஸ்: ம்.