இடது பிடி

கங்கைகொண்டான் குடோனில்
நாற்பத்திரண்டு ரேக்குக்கு ஒரே கிக் ஸ்கூட்டர்.
பகலுக்கு நான், ராத்திரிக்கு சொரிமுத்து.
மூன்று வருஷமாக ஆளைப் பார்த்ததில்லை.
நான் கேட்டுக்குள் நுழைகையில்
அவர் பஸ் பைபாஸ் ஏறியிருக்கும்.

உயரம் மட்டும் தெரியும்.
காலையில் வந்ததும் ஹேண்டிலை
இரண்டு துளை கீழே இறக்குவேன்.
சாயங்காலம் அப்படியே விட்டுவிட்டுப் போவேன்.
ஏற்றிக்கொள்வது அவர் பாடு.

சித்திரையில், தகரக் கூரைக்கடியில்
பிடி ரப்பர் இளக ஆரம்பித்தது.
உள்ளங்கைக் கருப்பு சோப்புக்குப் போகாமல்
மத்தியானச் சோற்றில் ஒட்டியது.
"கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கு" என்றான் சூப்பர்வைசர்.
போட்டது எந்த மழைக்கு முளைக்குமோ.

சனிக்கிழமை குழாயைச் சுற்றி நூல் விட்டு
அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன்.
ஞாயிறு, தச்சநல்லூர் சைக்கிள் கடை.
கடைக்காரர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பிள்ளைக்கா?"
"எனக்குத்தான்."
"நீங்களா ஓட்டுதீய?"
"ஓட்டுதேன்."
பிறகு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

ஸ்பாஞ்சுப் பிடி மெத்தென்று இருந்தது.
வேர்வையைக் குடித்துக் குடித்து மாசத்தில் பிய்ந்துவிடும்.
குஞ்சம் தொங்கியதை அவரே திரும்ப உள்ளே வைத்தார்.
விரலுக்கு விரல் பள்ளம் வைத்த பச்சை ரப்பர்,
பிடித்ததுமே என் வலது கை
வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்துகொண்டது.

காசை எடுத்தவள் நின்றேன்.

எனக்கு இடது கையில் ஸ்கேனர்,
ஒற்றைக் கையால்தான் ஓட்டுவேன்.
வலது பிடியில் எங்கள் இருவர் தேய்மானமும் கலந்து கிடக்கும்.
இடது முழுக்க அவருடையது.
அதில் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல்
பட்ட இடமெல்லாம் வழுவழுத்துப் போக,
இடையில் ஒரு விரல் அகலத்துக்கு
அச்சில் வார்த்த புள்ளிகள்
பெட்டி பிரித்த அன்றைக்குப்போல் நின்றன.

விரல் இல்லையோ. மடங்காதோ.
மோதிரம் இறுகித் தூக்கியே பிடிக்கிறாரோ.
கேட்க ஆள் எதிரில் இல்லை,
இருந்தாலும் கேட்கிற விஷயம் இல்லை.
நாலு பள்ளம் வைத்த பிடியோ
ராத்திரி முழுக்க அவரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"இதுல ஒண்ணு, அந்தப் பொடிக்கட்டம் போட்ட கருப்புல ஒண்ணு."
"ஜோடியத்தான் குடுப்பேன், பிரிக்க மாட்டேன்."
ரெண்டு ஜோடி, நூற்றி அறுபது.
மிச்சம் ரெண்டும் இன்னும் என் பையில்
டிபன் பாக்ஸுக்கு அடியில் உருளுகின்றன.

திங்கள் டீ நேரம்.
பிளேடால் கீறினேன்,
பனங்கிழங்குத் தோலாய் உரிந்தது பழசு.
உள்ளே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
"தேங்காண்ணெ தடவு, வழுக்கிட்டு ஏறும்" என்றாள்
பேக்கிங்கில் நிற்கிற பூரணம்.
ஏறும் மதினி.
அப்புறம் ஆயுசுக்கும் வழுக்கும்.
முதலுதவிப் பெட்டி ஸ்பிரிட்டை உள்ளே விட்டு
ஒரே தள்ளு.
நெடி பறந்ததும் குழாயைக் கவ்விக்கொண்டது.
முனை மூடியை உள்ளங்கையால் அறைந்து இறக்கினேன்.
திறந்த குழாய் விழுந்தவர் வயிற்றில்
எட்டணா அளவுக்கு வட்டம் போடும்.
என்னிடம் ஒன்று இருக்கிறது.

வலது பச்சை, இடது கருப்பு.
"ஒத்தக் கண்ணுக்கு மை போட்டாப்புல இருக்கு"
சூப்பர்வைசர் சிரித்தான். சிரிக்கட்டும்,
எழுதிப் போட்டவன்.

செவ்வாய் காலை பதிவேட்டைத் திறந்தேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
மூன்று வருஷமாக அவரும் நானும்
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே
மாறி மாறி எழுதிவந்திருக்கிறோம்.
இன்றைக்கு, வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில்,
"வலது லேசா சுத்துது."

பிடித்துப் பார்த்தேன். சுத்தத்தான் செய்தது.
இடதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அளவெடுத்த நூல் பையில் கிடந்தது.
பச்சையைக் கழற்றி, குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி,
மறுபடி ஸ்பிரிட்டு, மறுபடி தள்ளு.
பிறகு ஹேண்டிலை இறக்கினேன்,
இரண்டு துளை.