கொருக்குப்பேட்டை கேட்

கேட் விழுந்து இருபது நிமிஷம்.
எண்ணெய் டேங்கர்களை எண்ணுவதை விட்டுவிட்டு
ஷேர் ஆட்டோவின் ஓரத்தில்
பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.
ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்
பக்கத்து மூலையில் அப்படியே இருக்கிறது.

அபரஞ்சி கதவைச் சாத்திக்கொள்கிறாள்.
யாரும் அவளை அடிக்கவில்லை.
தெரு வெறுமனே பேசிற்று,
நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்,
வெற்றிலை எச்சிலோடு.

இப்போது போனில் முந்நூறு பேர் சேர்ந்து படிக்கிறோம்,
வாரம் ஓர் அத்தியாயம்,
ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு.
"அவளுக்கு வேணும்" என்றது ஒரு தண்டையார்பேட்டைக் குரல்.
"அந்தக் காலத்துலயே என்னா திமிரு பாரேன்" –
இதற்கு எழுபது கைதட்டல்.
துபாயிலிருந்து பெனிட்டா மட்டும் எழுதினாள்:
"அவ சாப்ட்டாளான்னு ஒருத்தியும் கேக்கல."
அதற்குக் கீழே
பதிலாக ஒரு சிரிப்பு முகம்.

நான் வைத்தது.

ரயில் வால் தெரிந்ததும்
கேட் தூக்குமுன்னே
ஹாரன்கள் ஒரே வாயாய்க் கத்தின.
அழித்தேன்.
அழித்த இடத்தில்
அழித்ததாக ஒரு வரி நிற்கிறது.

அடுத்தது இருபது.
கிணற்றடியில் எட்டிப் பார்க்க
ஊரே வருமாம்,
முன்பே படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.
எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார்கள்.