பீச் இலை

ஆகஸ்ட் முதல் வாரம்.
கோதுமை அறுத்த தாள்மேல் வெயில் மல்லாந்து கிடக்கிறது.
கலைமானுக்குப் புத்தி பேதலிக்கும் நாட்கள் என்பார்கள்
எங்கள் ஓடன்வால்ட் மலையில்.
வேண்டியது ஒரே ஒரு பீச் இலை.
உச்சிக்கிளை இலை ஆகாது, வெயில் குடித்துத் தடித்திருக்கும்.
நிழலில் வளர்ந்தது, ஓரம் கிழியாதது.
இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்து
முத்தம் கேட்பவன்போல் உதடு குவித்து
ஊத வேண்டும்.

பிணை தன் கலையைக் கூப்பிடும் குரல் அது.
‘வா’வுக்கும் ‘வந்துதான் பாரேன்’னுக்கும் இடையில்
எங்கோ இருக்கிறது என்று நினைப்பு.

நினைப்புதான்.
முப்பத்தோரு வருடம் மர அறுவை ஆலையில் நின்றவன் நான்.
வட்ட ரம்பம் என் காதிலிருந்து
உச்ச ஒலிகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டது.
இடி கேட்கும். டிராக்டர் கேட்கும்.
கொசு இல்லை. சிள்வண்டு இல்லை.
கெட்டிலின் விசில் இல்லை.
நான் ஊதுவதும் இல்லை.

உதடு கூசும். அந்தக் கூச்சம்தான் எனக்குச் சுருதி.
பதினொரு கோடை அப்படித்தான் ஊதினேன்.
மான்கள் வந்தன.
மோப்பம் பிடித்து, நின்று, யோசித்து அல்ல;
ஓடி வந்தன.
ஆல்வினின் இலைக்கு வசியம் உண்டு என்று
பீர்க்கடையில் பேசிக்கொண்டார்கள்.
நான் மறுக்கவில்லை.

எப்போதும் பிணைதான் முதலில் வரும்.
பின்னாலேயே நாக்குத் தொங்கக் கலை.
பிணையைத் தொடமாட்டேன், செப்டம்பர்வரை சட்டம் விடாது.
அது ஏன் முன்னால் வருகிறது என்று
ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.
வீடு தேடி வந்த அதிர்ஷ்டத்திடம்
யாராவது ஊர் பேர் விசாரிப்பார்களா?

நாய் ஸிர்பல் மட்டும்
நான் இலைக்குக் கை நீட்டும்போதே எழுந்து போய்
அடிமரத்துக்குப் பின்னால் முகம் புதைத்துக்கொள்ளும்.
கிழட்டுச் சோம்பல் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் இர்ம்ட்ராவுட் என்னை டவுனுக்கு இழுத்துப் போனாள்.
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள்
ஓஸ்டர்டாக் என்ற பெண்.
நான் அவள் புருவத்தைப் பார்த்து அழுத்தினேன்.
வேட்டைக்காரன் அல்லவா.
மூன்றாம் முறை
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

இப்போது காதுக்குள் மொச்சைக்கொட்டை அளவு கருவி.
சட்டைக்குச் சத்தம் உண்டு என்று தெரிந்தது.
மனைவி மூச்சுவிடும்போது மெல்லிய சீழ்க்கை.

இன்று மாலை அதே மரத்தில் முதுகு சாய்த்து
ஊதினேன்.

நரி வாயில் கழுத்து அகப்பட்ட மறியின் அலறல்.

வேறெங்கோ என்று திரும்பிப் பார்த்தேன்.
இலை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது
என் விரல்களில்.

பதினொரு கோடை.
காதலுக்கென்று ஒன்றுகூட வரவில்லை.

புதர் முறிந்தது. அதுவும் கேட்டது.
பிணை. ஏழே தப்படி.
வாய் திறந்தது.
இத்தனை வருடம் அந்த வாயைப் பார்த்திருக்கிறேன்,
எதையோ மெல்லுகிறது என்று.
பின்னால் கலை வந்து விலா காட்டி நின்றது.
ஆறு முனைக் கொம்பு.
மூன்று வருடமாய் எனக்குத் தண்ணி காட்டியது.

சுட்டேன்.
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது,
விரலுக்குக் காது கிடையாது.

வழக்கப்படி ஃபிர் கொத்து ஒன்றை ஒடித்து
கலையின் வாயில் வைத்தேன், கடைசிக் கவளம்.
தொப்பியைக் கழற்றினேன்.
பிணை போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
மரங்களுக்குள் வட்டம் சுற்றிக் கூப்பிட்டது,
நிறுத்திக் கேட்டது,
மறுபடி கூப்பிட்டது.

கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.
காடு உடனே
பழைய நல்ல காடாயிற்று.
ஸிர்பலின் காது மட்டும்
அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.