இரண்டு டிக்கெட்

விலியாண்டியில் நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
அறை மூலையில் இரண்டு டியூபாக்கள்.
ஒன்றைக் கீழே இறக்கியாக வேண்டும், பத்து நிமிடத்தில்.

பெரியது பி-ஃபிளாட். பெட்டியோடு பதினேழு கிலோ.
ஏதோ ஒரு பட்டாளத்து பேண்ட் கலைந்தபோது
யாரோ வோட்காவுக்கு விற்றது.
அடிவளைவில் ஒரு நெளிசல், எந்த ஊர்க் கல்லோ.
அது பேசினால் காதுக்கு முன்
செருப்புக்குக் கேட்கும்.

சிறியது எஃப்.
வங்கிக்கு இன்னும் பதினான்கு தவணை.
விரல் வைத்தால் பதில் சொல்லும்,
சில நாள் விரல் வைக்கும் முன்பே.

கூரை தாழ்ந்த கூடம், ஐவர் குழு, ஓட்டமான பகுதிகள்
என்றால் சிறியது.
அங்கே பெரியதைத் தூக்கிப் போனால்
டிரம்பெட் வைக்கெ கேட்பாள்:
பூனைக்குட்டியைக் குளிப்பாட்டக் கப்பலா?
வெட்டவெளி என்றால் பெரியது.
சிறியதின் சத்தம் பத்தடி போய்,
குளிர் பொறுக்காமல் திரும்பி வந்துவிடும்.

இவ்வளவுதான் விதி.
இன்றைய சனிக்கிழமை அதில் அடங்கவில்லை.
காலை பத்தரைக்குக் கல்லறைத் தோட்டம், மைனஸ் பதினான்கு.
அங்கிருந்தே லெம்பித்தின் வேனில்
மூன்று மணிக் கல்யாணத்துக்கு.
வேனில் ஐந்து பேர், ஒரு டியூபா.
மணமகள் கேட்டிருக்கும் பாட்டில்
பதினாறு சுரங்கள் ஒரே மூச்சில் மேலே ஏறும்.
நேற்றிரவு முடிவு செய்துவிட்டேன்: சிறியது.
பெட்டியையும் பூட்டிவிட்டேன்.

புதைக்கப் போவது எண்டெல் கார்னரை.
ஏழாம் எண் பேருந்து ஓட்டியவர்.
சிறியதோடு ஏறினால் ஒரு டிக்கெட்,
மடியில் இருக்கிறதே என்பார்.
பெரியதோடு ஏறினால் இரண்டு.
இருக்கையில் உட்கார்ந்தால் அது பயணி.
சண்டை போட்டிருக்கிறேன்.
நகராட்சிக்கு எழுதியிருக்கிறேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி
அதற்கு இருக்கைப் பட்டை மாட்டச் சொல்வார்.

ஒரு மார்ச் மாதம் கையில் இருந்தது ஒரு டிக்கெட் காசு.
சரி, இருவரில் ஒருவர் நடக்கட்டும் என்றார்.
கோபத்தில் அதை உட்கார வைத்துவிட்டு இறங்கினேன்.
இரண்டு கிலோமீட்டர் சேற்றுப்பனி,
வாயில் வந்த வசவு ஒன்றும் மிச்சமில்லை.
கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தார்.
சூடாக்கியின் பக்கத்து இருக்கையில் அது,
பட்டை மாட்டியபடி.
ஒழுங்காக வந்தது, பேசவே இல்லை என்றார்.

பெட்டியைத் திறந்து சிறியதை வெளியே வைத்தேன்.
ஏன் வைத்தேன் என்று தெரியாது,
பெட்டி மாற்றவே தேவையில்லை, பெரியதற்குத் தனிப் பெட்டி உண்டு.
கை அப்படிச் செய்தது.
பிறகு பதினேழு கிலோவை
நான்கு மாடி இறக்கினேன்.

புதிய ஓட்டுநர் சின்னப் பையன்.
அதெல்லாம் சுமை, கட்டணம் இல்லை என்றான்.
இரண்டு கொடு என்றேன்.
இயந்திரம் இரண்டு துண்டுச் சீட்டு துப்பியது.

கல்லறைத் தோட்டத்தில் பிளாஸ்டிக் ஊதுவாய்,
உலோகம் என்றால் உதட்டுத் தோல் அதோடு போகும்.
இரண்டாம் சரணத்தில் நான்காவது வால்வு உறைந்தது.
ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன்.
சுருதி ஒரு மயிரிழை உயர்ந்து நின்றது,
அவரிடம் பாக்கிச் சில்லறைக்கு நிற்பவளைப் போல.
யாரும் திரும்பவில்லை.
அவர் மகள் மட்டும் காலணியைப் பார்த்தாள்.

முடிந்ததும் குழலிலிருந்த நீரைக் கொட்டினேன்.
பனியில் சுட்டுவிரல் நுழையும் அளவு ஒரு துளை.
என் மூச்சுதான்.
வேனில் ஏறும்போது அது மூடியிருந்தது.

கல்யாணத்தில் பதினாறில் மூன்றை விழுங்கினேன்.
வைக்கெ டிரம்பெட்டை இறக்கி என்னைப் பார்த்தாள்,
பிறகு நெளிசலைப் பார்த்தாள்.
கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.