சும்மா

முதல் சிக்கல், பொத்தானில் என்ன எழுதுவது.
'இலவசம்' என்று போட்டேன்.
பர்ஸானா முகத்தைச் சுளித்தாள்:
"இது நிவாரண வரிசையில நின்ட சொல்லு.
ஜமாலியாவில ஒருத்தரும் அமத்த மாட்டாங்க."
'அன்பளிப்பு' கல்யாண வீட்டுக்குப் போய்விடும்.
'தானம்' கோயிலுக்கு.
'நன்கொடை' பலகையில் பெயர் கேட்கும்.
அபயபுரத்திலிருந்து வந்து சர்வர் பார்க்கும் இந்துனில்
தேநீரை ஊதியபடி கேட்டான்:
நாங்கள் 'நிக்கங்' என்போம்,
உங்களிடம் அப்படி ஒன்று இல்லையா?

இருந்தது.
'சும்மா தாறன்' என்று எழுதிப்
பொத்தானைப் பச்சையாக்கினேன்.

அடுத்தது தூரம்.
மூதூரில் ஒரு தையல் மெசின்,
நகரத்தில் அதைக் கேட்ட ஒருத்தி.
பதினொரு கிலோமீற்றர், அயல் என்றது திரை.
நேர்கோடு கொட்டியாரக் குடாவின் மேலால் போயிருந்தது.
மெசினைத் தலையில் வைத்துக்கொண்டு
கடலின் மேல் நடக்கக்கூடியவர்
எங்கள் பயனர் பட்டியலில் இல்லை.
கிண்ணியாப் பாலத்தால் சுற்றி வரும் வழியைக்
கணக்குக்குச் சொல்லிக்கொடுக்க
ஒரு கிழமை போயிற்று.
அதற்குள் மூன்று தரம் கரண்ட் போனது.

பிறகு மான்கள்.
டொக்யார்ட் வீதியில் ஒருவர்
சாதாரண தரக் கொப்பிகளை
மட்டைப்பெட்டியில் போட்டு
கேற்றுக்கு வெளியே வைத்திருக்கிறார்.
எடுக்க வந்த பெடியன் கண்டது
நாலு புள்ளிமான்கள்
அட்சரகணிதத்தை மென்றுகொண்டு நிற்பதை.
நிலை: எடுத்தாயிற்று.
அதை மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

தருகிறோம் என்றவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
வேண்டும் என்றவர்கள் ஒன்பது.
கொடுக்கும் கை மதிலுக்கு மேலால் நீளுகிறது,
வாங்கும் கை மதிலுக்குப் பின்னால் நிற்கிறது.
பெயரை மறைத்தோம்.
இரவு எட்டுக்குப் பிறகு ஒப்படைக்க
ஒரு தெரிவு வைத்தோம்.
மறுநாள் கேட்டவர்கள் அறுபது.
அதில் ஒருத்தி நான்.
எதிர்வீட்டு மின்விசிறி.
பின் ஒழுங்கையால் போய்
முகம் காட்டாமல் தூக்கி வந்தேன்.
சுழலும்போது அது போடும் சத்தம்
எதிர்வீட்டுக்குக் கேட்காதா என்ன.

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் பொருள்
ஒரு கதவு.
முதிரை. ஒற்றை.
படத்தில் வேம்பில் சாய்ந்து நின்றது,
திறப்பு துவாரத்திலேயே இருந்தது.

'ஏன் தருகிறீர்கள்?'
கட்டாயம் நிரப்ப வேண்டிய கேள்வி.
தரவு சேரட்டும் என்று நான்தான் வைத்தேன்.
'வீடு இல்லை' என்று நிரப்பியிருந்தார்கள்.

ஒருவரும் கேட்கவில்லை.
முப்பதாம் நாள் பொருள் தானாக நீங்கும்.
நீங்கியது.
மறுநாள் அதே கதவு புது இலக்கத்தில் வந்தது.
அடுத்த மாதமும் வந்தது.
ஒவ்வொரு முறையும் புதிதாய் எடுத்த படம்:
ஒன்றில் கதவெல்லாம் வேப்பம்பூ,
ஒன்றில் மேலே ஒரு காகம்,
ஒன்றில் யாரோ காயப்போட்ட துவாய்.
திறப்பு மட்டும் இருந்த இடத்தில்.

"இவங்களுக்குக் குடுக்க விருப்பமா, இல்லையா?"
பர்ஸானா கேட்டாள்.
கேட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.
அன்று பின்னேரம் அவள் அதிகம் பேசவில்லை.

கேள்விக்குப் பக்கத்தில் இருந்த
சிவப்பு நட்சத்திரத்தை எடுத்தேன்.
இனி அது வெறுமையாகவும் இருக்கலாம்.
பிறகு, நீக்கும் கட்டளைக்கு மேலே
ஒரு வரி சேர்த்தேன்:
இந்தக் கணக்கின் கதவை மட்டும் தொடாதே.

இரவு பன்னிரண்டரைக்கு
இந்துனில் அந்த வரியைக் கண்டுபிடித்தான்.
இது எதற்கு, என்று
தமிழில்தான் எழுதியிருந்தான், எழுத்துப்பிழையோடு.

நிக்கங், என்று அனுப்பினேன்.