மேற்கோள் குறிக்குள் ஆறாயிரம்

மார்ச் முடியுமுன்பே வர்த்தூரில்
போர்வெல்கள் காற்றைத்தான் இறைத்தன.
எங்கள் வேலை எளிது:
ஃபோனில் யாரோ தண்ணீர் கேட்பார்கள்.
வாசலில் நிற்கும் சர்வர் அதை வாங்கி
பெயர், வீட்டு எண், எத்தனை லிட்டர் என்று
நெளி அடைப்புக்குள் அடுக்கி
உள்ளே நீட்டும்.
உள்ளே இருப்பது வேறொரு நிரல், வேறொரு மொழி.
ஒன்பது வருடம் முன்பு அதை எழுதிய பசவராஜு
இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ.
லாரிகளைப் பங்கிடுவது அதுதான்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.
சுவர் ஓட்டை வழியாகச் சீட்டு மாற்றும் உறவு.

அந்த வியாழக்கிழமை
ஒரு சின்ன மாற்றம் செய்தேன்.
லிட்டருக்கு இருபுறமும்
இரண்டிரண்டு கொசுக்கால் கோடுகள்
எப்படியோ ஒட்டிக்கொண்டன.
கோட்டுக்குள் போனபின்
ஆறாயிரம் எண் இல்லை, எழுத்து.
எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால்
கூடாது.
ஒட்டிக்கொள்ளும்.

குஞ்சூரில் ஒரு குடியிருப்பு
காலைக்கு ஒன்றும் மாலைக்கு ஒன்றுமாகக் கேட்டிருந்தது.
ஆறாயிரமும் ஆறாயிரமும்
பன்னிரண்டாயிரம் ஆகவில்லை.
60006000.
ஆறு கோடி லிட்டர்.

பசவராஜுவின் நிரல் பதறவில்லை.
அதற்குத் தாகம் தெரியாது, வரிசை தெரியும்.
இருந்த நாற்பத்தொரு லாரியையும்
அந்த ஒரே வாசலுக்கு எழுதியது,
இன்றைக்கு, நாளைக்கு, மறுநாளைக்கு,
மே மாதக் கடைசி வரை.

நள்ளிரவில் டிரைவர் முனிவெங்கடப்பா கூப்பிட்டார்.
"சார், இங்க ஏரி ஏதாச்சும் கட்டுறாங்களா?
எனக்கு முன்னால பதினெட்டு வண்டி நிக்குது."
சம்ப் நிரம்பித் தெருவில் வழிந்ததை
நாய்கள் நக்கிக்கொண்டிருந்தனவாம்.

கோடுகளை எடுத்தேன்.
பயத்தில், எதற்கும் இருக்கட்டுமென்று
வருகிற இலக்கம் அத்தனையையும்
எண்ணாக்கி அனுப்பச் சொன்னேன்.
லாரிகள் கலைந்தன.
நான்கு மணிக்குப் படுத்தேன்.

காலையில் பூவம்மாவின் புகார்.
புது லேஅவுட், வீட்டு எண் 012.
பணம் போயிற்று, தண்ணீர் வரவில்லை.
முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு
மதிப்பில்லை என்று பள்ளியில் படித்தோமே,
அதையேதான் நிரலும் படித்திருந்தது.
பூஜ்யம் உதிர்ந்து
லாரி போனது பழைய வரிசை 12க்கு.
வீடில்லை அது. ராய்ச்சூரிலிருந்து வந்த
கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகை.

"நம்பர் சரியாத்தான் இருந்துச்சு சார்,"
என்றார் முனிவெங்கடப்பா.
"குழாயை இறக்கினதும் பெயிண்ட் டப்பா, சிமெண்ட் சட்டி,
ஒரு பொண்ணு ஹெல்மெட்டுல கூடப் பிடிச்சா.
யாரு பேருல புக்கிங்னு
ஒருத்தரும் கேக்கல."

பூவம்மாவுக்கு வேறு லாரி அனுப்பினேன்.
வீட்டு எண்ணுக்கு மட்டும்
கொசுக்கால்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிழை அறிக்கையில் ஒரு கட்டம்:
இழப்பு, லிட்டரில்.
ஆறாயிரம் என்று எழுத்தில் அடித்தேன்.
ஏற்கவில்லை.
எண் மட்டும், என்றது சிவப்பில்.